மேட்டுப் பங்களாவும் தண்ணீர் போகும் வழியும்: வாசகர் கேள்வி – பதில்

மூணாறைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலை, பீர்மேடு, நீலகிரிக் கூடலூர்ப் பக்கங்களில் விக்டோரியா ராணி காலத்திலும் அதை ஒட்டியும் எழுந்த தோட்டத்துப் பங்களாக்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டு, சந்தேகங்களை எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். போடியிலிருந்து கூடலூர் வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. பழைய கட்டட வேலை அறிந்த பொறியாளர் ஒருவரும் மலைத் தோட்டக்கலை அறிந்த ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் ஏதாவது ஒரு வகையில் தண்ணீரைப் பற்றியவை. பதில்களிலும் அதுவே திரும்பத் திரும்ப வரும்.

மூணாறுக்கு மேலே உறவினர் ஒருவர் பொறுப்பில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. "1860-ல் வெள்ளைக்காரத் துரை கட்டினது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையான வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வாசகர், போடிநாயக்கனூர்

1860 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு தம்புரானிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தது 1877 ஜூலை 11-ல்தான். 5,000 ரூபாய் முன்பணம், ஆண்டுக்கு 3,000 ரூபாய் குத்தகை. அதன் பிறகுதான் அங்கே தோட்டம், துரை, பங்களா எல்லாம். 1880-ல் ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் சுமார் 50 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1895-ல் ஃபின்லே மியூர் கம்பெனி நுழைந்தது, 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. தனி ஆட்கள் காப்பியும், கொயினா மருந்து தரும் சிங்கோனாவும் போட்டுப் பார்த்த காலத்தில் பெரிய வீடு கட்டக் கையில் பணமில்லை. இலங்கையில் 1869-ல் தலைகாட்டிய காப்பி இலைத்துரு நோய் இங்கேயும் பரவியது. இலங்கைச் சரக்கும் ஜாவாச் சரக்கும் வந்து குவிந்ததால் 1880-களில் சிங்கோனாப் பட்டையின் விலையும் படுத்துவிட்டது. ஆகவே அகலமான வராந்தா, நான்கைந்து கணப்பு, தனிக் குசினி என்று விஸ்தாரமாக ஒரு பங்களா நின்றால் அது தேயிலைப் பணத்தில் எழுந்தது என்று முதலில் சந்தேகிக்கலாம். நடுவில் ஒரு சிறிய பழைய பகுதி ஒளிந்திருக்கவும் கூடும். ஒரு வீட்டுக்குப் பல வயது உண்டு.

கூரையடியில் ஏறி, கைமரத்தில் அடித்திருக்கும் ஆணியைப் பாருங்கள். தண்டு சதுரமாகவும் நுனி மழுங்கியும் இருந்தால் அது வெட்டாணி. உருண்டையான கம்பி ஆணி 1890-களுக்குப் பிறகே எங்கும் பரவியது. இரும்பு உத்தரம் இருந்தால் சுண்ணாம்பை லேசாகச் சுரண்டி, அதில் கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். டார்மன் லாங் என்ற முத்திரை இருந்தால் 1875-க்கு முந்தியது அல்ல, அந்தக் கம்பெனி பிறந்ததே அப்போதுதான். ஓட்டைப் புரட்டிப் பாருங்கள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்டின் கைக்கு மாறின. ஓட்டின் முத்திரை அந்த மாற்றத்தைக் காட்டிவிடும். ஆனால் ஓடு சொல்வது கூரையின் வயதை மட்டும். முதலில் புல், பிறகு தகரம், அதற்குப் பிறகு ஓடு என்று மூன்று கூரை கண்ட சுவர்கள் இந்த மலையில் உண்டு.

பத்திரங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தவை, எனவே பழைய காகிதங்களில் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. சிங்கம் முதல் தனு நடுப்பகுதி (டிசம்பர் முடிவு) வரை 824 கூட்டுங்கள், அதன் பிறகு கர்க்கடகம் முடிய 825. மலையில் இன்றும் "தொண்ணூற்றி ஒன்பது வெள்ளம்" என்கிறார்களே, அது கொல்லம் 1099, கி.பி. 1924 ஜூலை. குண்டலப் பள்ளத்தாக்கின் சின்ன ரயில் பாதையை அடித்துப் போனதும் அந்த வெள்ளம்தான். எல்லா மாதத்துக்கும் 825 கூட்டியதால் ஓராண்டு தவறிப் போன தோட்ட வரலாறுகள் பல.

1956 நவம்பர் 1-க்கு முந்தைய திருவிதாங்கூர்க் கோப்புகளுக்குத் திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகம், கூடலூர், நீலகிரிப் பக்கத்துக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சர்வே நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பங்களாவின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் எதுவும் கிடைக்காது. கல்லறைத் தோட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். மூணாறு கிறைஸ்ட் சர்ச் 1910–11-ல் எழுந்தது, ஆனால் அந்த மேட்டில் 1894-லேயே ஒரு கல்லறை வந்துவிட்டது. சர்ச்சின் வயதை வைத்துக் குடியிருப்பின் வயதைக் கணக்கிட்டால் 16 ஆண்டு குறைந்துபோகும்.

இங்கிலாந்தில் பிரபுக்களின் கிராமத்து மாளிகையைத்தான் நம் தோட்டத்துப் பங்களாவாக நகல் எடுத்தார்களா?
– கல்லூரி மாணவி, செங்கோட்டை

நகல் என்று சொல்ல முடியாது. அங்கே மாளிகை என்பது ஒரு குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. சுற்றியிருந்த குத்தகை விவசாயிகள் கட்டும் பணம் அதைத் தாங்கியது. இங்கே பங்களா கம்பெனியின் உடைமை. துரை மாறினால் அடுத்தவர் வந்து அதே கட்டிலில் படுப்பார். 'பங்களா' என்ற சொல்லும் வங்காளத்துக் குடிசை வகையிலிருந்து வந்தது. ஒரே தளம், நாலு பக்கமும் இறங்கும் கூரை, வராந்தா: இதெல்லாம் நம் நாட்டுப் புத்தி. அதற்குள் கொண்டுவந்து சேர்த்தவைதான் கணப்பு, வெளியே துருத்திய ஜன்னல், புல்தரை, ரோஜாப் பாத்தி, வேலியிட்ட காய்கறித் தோட்டம் ஆகியவை.

அங்கே அவை பரவியதற்கும் காரணங்கள் உண்டு. இங்கிலாந்தில் கண்ணாடி வரி 1845-லும் ஜன்னல் வரி 1851-லும் ஒழிந்தன. அதற்குப் பிறகு பெரிய ஜன்னலும் கண்ணாடிச் செடிவீடும் பெருகின. எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1830-ல். அதற்கு முன் புல்தரை என்றால் அரிவாளோடு ஒரு கூட்டமே வேண்டும். நதானியேல் வார்டு கண்டுபிடித்த மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் செடிகளைக் கடல் தாண்டி உயிரோடு கொண்டுபோனார்கள். ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் தேயிலைக் கன்று கொண்டுவந்ததும் அந்தப் பெட்டியில்தான். அந்த வகையில் பிரபுவின் செடிவீடும் நம் மலையின் தேயிலைச் சரிவும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை.

காலமும் எதிரெதிர். 1870-களிலிருந்து அமெரிக்க கோதுமை மலிவாக வந்து இறங்க, இங்கிலாந்தில் நிலக் குத்தகை வருமானம் விழுந்தது. 1894-ல் வாரிசுச் சொத்து மீது கடும் வரியும் வந்தது. அங்கே மாளிகைகள் தளர்ந்த அந்த ஆண்டுகளில்தான் இங்கே பங்களாக்கள் நிமிர்ந்தன.

ஒன்றை மட்டும் படித்துப் பார்க்க வேண்டுமானால், வட இங்கிலாந்தின் நார்த்தம்பர்லாந்தில் உள்ள கிராக்சைடைப் பற்றிப் படியுங்கள். ஆயுதமும் நீர்விசை இயந்திரமும் செய்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1863-ல் தொடங்கி, பிறகு நார்மன் ஷா என்ற கட்டடக் கலைஞரை வைத்து விரித்த வீடு. சரிவில் ஏரிகளை உண்டாக்கி, அந்த நீரின் விசையால் லிஃப்டையும் குசினியில் இறைச்சி சுடும் கம்பியையும் ஓட்டினார். 1878-ல் நீர்மின்சாரத்தால் வில்விளக்கு, 1880-ல் ஜோசப் ஸ்வான் கண்டுபிடித்த குமிழ் விளக்கு. உலகில் நீர்மின்சாரத்தால் விளக்கெரிந்த முதல் வீடு அதுதான். அங்கே வீட்டையும் சரிவையும் நீரையும் ஒன்றாகச் சேர்த்தே திட்டமிட்டிருக்கிறார்கள். நம் பங்களாக்களையும் அப்படிப் பார்த்தால்தான் விளங்கும். நாலு சுவரை மட்டும் பார்த்துவிட்டு வரலாறு எழுத உட்காராதீர்கள்.

தேவிகுளம் பங்களாவில் சுவர் அடியில் 3 அடி உயரத்துக்கு ஈரம். 5 ஆண்டுக்கு முன் சிமெண்ட் பூசி, நல்ல பெயிண்டும் அடித்தோம். இப்போது பூச்சு பொத்துப் பொத்தென்று விழுகிறது. மேலும் கெட்டியாக, ரசாயனம் கலந்து பூசச் சொல்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
– வாசகர், தேவிகுளம்

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் சுவர் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக, ஒன்றரை அடி கனத்தில் கட்டியது. தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயில் காலத்தில் இரு முகத்திலும் வெளியே விடும். சுவாசிக்கிற சுவர் அது. மேலே சிமெண்ட் பூசியதும் வெளியேற வழியில்லாமல் ஈரம் மேலே மேலே ஏறுகிறது. கூட வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, பூச்சைத் தள்ளிப் பிளக்கிறது. சிமெண்ட் கெட்டியாகக் கெட்டியாகச் சுவரும் சேர்ந்து பிய்யும்.

முதல் வேலை வெளியே. மழையில் நின்று கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 200 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் தெப்பக்குழாய் உடைந்திருந்தால் அவ்வளவும் சுவர் அடியில்தான் இறங்கும். தெப்பக்குழாய்க்கு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவு போதும். 4 அங்குல இறக்கு குழாய் ஒன்று 60–80 சதுர மீட்டர் கூரைக்குத்தான் தாங்கும், உங்கள் வீட்டில் எத்தனை என்று எண்ணுங்கள். அடுத்தது தரைமட்டம். நூறு வருஷமாகப் பூந்தோட்டத்துக்கு மண் கொட்டிக் கொட்டி வெளித்தரை உயர்ந்துபோயிருக்கும். அது உள்தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரை ஒட்டிய ரோஜாப் பாத்தியை 3 அடி தள்ளி வையுங்கள். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்கிய இடமென்றால் பின்பக்கம் மேட்டில் பழைய மடைவாய்க்கால் ஒன்று கட்டாயம் இருக்கும். பெரும்பாலும் இலைச் சருகால் மூடிக் கிடக்கும், தேடித் தூர் வாருங்கள். பல வீடுகளில் இந்த மூன்று வேலையிலேயே பாதி ஈரம் போய்விடும். காசைச் சுவரில் போடுவதற்கு முன் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள்.

பிறகு சிமெண்ட்டைக் கொத்துங்கள். ஈரக்கோட்டுக்கு மேலே இன்னும் 3 அடி வரை. சிற்றுளியும் சிறு சுத்தியலும் போதும், அதிரும் இயந்திரம் வேண்டாம், பழைய சாந்து உதிர்ந்துவிடும். வெளுத்துப் பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். அதன் பிறகு காயவிட வேண்டும். சுவர் கனத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. அவ்வளவு நாள் முடியாவிட்டாலும் டிசம்பர் முதல் ஒரு வறட்சிக் காலம் முழுவதும் விட்டுவிடுங்கள். பொறுமை இழந்து பூசியதால் கெட்ட சுவர்களே அதிகம்.

சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுங்கள். கேரளத்தின் வேம்பநாட்டுப் பக்கம் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கும். எப்போதும் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் விடாதீர்கள். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும், இரும்பு டிரம் எடுங்கள். சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் வையுங்கள், 3 மாதம் இருந்தால் வெண்ணெய்போல் ஆகும்.

சாந்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய ஆற்று மணல். ஈரம் மிகுந்த அடிப்பகுதிக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்கு ஈடாக நன்றாக வெந்த பழைய செங்கல் தூள், அதாவது சுர்க்கி சேருங்கள், ஈரத்திலும் பிடிக்கும். கடுக்காய் நீருக்கு 10 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூளும் அரைக் கிலோ வெல்லமும் போட்டு 3–4 நாள் ஊறவிட்டு வடிகட்டுங்கள். வெல்லம் கூடினால் சாந்து இறுகத் தாமதமாகும், எறும்பும் வரும். கொத்தனாருக்குக் கொத்தனார் அளவு மாறும், ஆகவே 2 அடிக்கு 2 அடி மாதிரி பூசி ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பெரிய வேலையைத் தொடங்குங்கள். செக்கில் அரைத்த சாந்துக்கு ஈடில்லை. செக்கு இல்லையென்றால் கலவை இயந்திரத்தில் அரை மணி நேரமாவது ஓட்டி, மூடி வைத்து, மறுநாள் திரும்பப் பிசைந்து எடுங்கள்.

சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10–12 மில்லிமீட்டருக்கு மேல் கனமில்லாமல் பூசுங்கள். முதல் பூச்சைக் கீறிவிட்டு, ஒரு வாரம் கழித்து அடுத்தது. ஈரச் சாக்கு தொங்கவிட்டு 7 நாள் காயாமல் காப்பாற்றுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகிறது, அவசரமாகக் காய்ந்தால் பொடியாகிப் போகும். ஜூன் முதல் நவம்பர் வரை தொடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் மூணாறில் இரவுப் பனி உறையும், பச்சைப் பூச்சு வெடித்துவிடும். சுவர் காய்ந்த பிறகு அடுத்து வரும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்தான் உங்கள் காலம். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம், பால்போல் நீர்த்த சுண்ணாம்பு 4–5 கை அடியுங்கள்.

"பிடிமானத்துக்குக் கொஞ்சம் சிமெண்ட் கலக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கொஞ்சமும் வேண்டாம்.

வண்டிப்பெரியாறு அருகே பங்களாவுக்குக் கீழே ஓடைக்கரையில் பேரிக்காய் வடிவில் ஒரு இரும்புக் குடுவை, அடியில் வால்வுடன், மண்ணில் புதைந்து கிடைத்தது. பழைய வெடிகுண்டாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகர், வண்டிப்பெரியாறு

ஒரு குழாய் உள்ளே நுழைந்து, மெல்லிய குழாய் ஒன்று மேட்டை நோக்கிப் போனால் பயப்பட ஒன்றுமில்லை. அது ஹைட்ராலிக் ராம், நீரடிப் பம்பு. கரண்டும் எண்ணெயும் இல்லாமல் ஓடைத் தண்ணீரை மேட்டுத் தொட்டிக்கு ஏற்றிய கருவி. பிரான்ஸில் மாண்ட்கோல்ஃபியர் 1796-ல் அதைத் தானே இயங்கும்படி ஆக்கினார். விக்டோரியா காலத்தில் இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகள் பலவற்றுக்குத் தண்ணீர் கொடுத்தது இதுதான். வார்ப்பில் எழுத்து இருக்கும், கம்பித் தூரிகையால் துலக்கிப் பாருங்கள். அக்ரிங்டன் ஊர் ஜான் பிளேக் கம்பெனி அக்காலத்தில் பெயர் பெற்றது.

வேலை செய்யும் விதம் எளிது. தண்ணீர் சரிவுக்குழாயில் வேகமாக இறங்கிக் கழிவு வால்வு வழியே வெளியே கொட்டும். வேகம் கூடியதும் வால்வு தானாகப் பட்டென்று மூடும். ஓடி வந்த நீர் நிற்க இடமில்லாமல் உள்வால்வைத் தள்ளிக்கொண்டு குடுவைக்குள் பாயும். குடுவையில் அமுங்கிய காற்று அதை மேட்டுக்குழாயில் தள்ளும். அழுத்தம் விழுந்ததும் கழிவு வால்வு மறுபடி திறக்கும். நிமிடத்துக்கு 40–60 முறை "டக், டக்" என்று இரவு பகலாக அடிக்கும்.

கணக்கு: வரும் நீரை இறக்கத்தால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கி, ஏற்ற உயரத்தால் வகுங்கள். நிமிடத்துக்கு 60 லிட்டர், 3 மீட்டர் இறக்கம், 30 மீட்டர் ஏற்றம் என்றால் நிமிடத்துக்கு 3.6 லிட்டர். சொற்பம்தான் என்று தோன்றும், ஆனால் நாளுக்கு 5,184 லிட்டர்.

திரும்ப ஓட்ட ஆசையிருந்தால் வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், விரிசல் இருந்தால் காட்சிக்கு வைக்கலாம், ஓட்டக் கூடாது. வால்வுத் தோலை மாற்றுங்கள், தடித்த ரப்பரும் ஆகும். சரிவுக்குழாய் இரும்பாகவே இருக்கட்டும். பிவிசி குழாய் அடியை விழுங்கி, நாளடைவில் வெடித்துவிடும். அடிக்கும் சத்தம் கடகடவென்று கடுத்துக் குழாய் அதிர்ந்தால் குடுவையில் காற்றுத் தீர்ந்து தண்ணீர் நிரம்பிவிட்டது என்று பொருள், நிறுத்தி வடித்துவிட்டு, காற்று இழுக்கும் ஊசித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கும் சத்தமே நின்றுவிட்டால் பத்தில் ஒன்பது முறை கழிவு வால்வில் ஓர் இலை சிக்கியிருக்கும். வாய்முகப்பில் சல்லடை போடுங்கள்.

கணப்பு மூட்டினால் அறை முழுக்கப் புகை. சிம்னியை இடித்துவிடலாமா?
– விடுதி நடத்துபவர், குமுளி

இடிக்க வேண்டாம். கணப்பின் வாய்ப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது புகைவழி இருக்க வேண்டும். 36 அங்குல அகலம், 30 அங்குல உயர வாய்க்கு 9-க்கு 12 அங்குலப் புகைவழி சரி. யாராவது பிற்காலத்தில் வாயைப் பெரிதாக்கியிருந்தால் மேலே 4–5 அங்குலத் தகடு தொங்கவிட்டுப் பாருங்கள், பல இடங்களில் அதுவே போதும். சிம்னி கூரை முகட்டுக்கு மேல் 2 அடியாவது எழும்பியிருக்க வேண்டும். உள்ளே குருவிக்கூடு, தேன்கூடு உண்டா என்று பாருங்கள். குளிர்ந்த புகைவழியில் புகை ஏறாது, முதலில் காகிதச் சுருளை மேலே பிடித்து எரித்துச் சூடாக்குங்கள்.

வாட்டில், யூகலிப்டஸ் விறகைப் பச்சையாகப் போடாதீர்கள். பிளந்து, மேலே மட்டும் மூடி, ஓராண்டு காயவிடுங்கள். பச்சை விறகின் புகை தாராகப் படிந்து ஒருநாள் சிம்னிக்குள்ளேயே தீப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை துடைப்பது கட்டாயம். மச்சில் ஏறிப் புகைவழிச் சுவரில் வெடிப்பு உண்டா என்று கண்ணால் பார்க்காமல் விருந்தினருக்குக் கணப்பைத் திறந்துவிடாதீர்கள், கைமரம் பக்கத்திலேயே இருக்கிறது. கரித்தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது உயிருக்கு ஆபத்து.

ஒரே ஹைட்ரேஞ்சியாக் கன்று. புல்தரை ஓரம் நீலமாகவும் பங்களாச் சுவர் ஓரம் ரோஸாகவும் பூக்கிறதே?
– வாசகி, மூணாறு

சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்து அந்த மண்ணின் புளிப்பைக் குறைத்துவிட்டது. புளிப்பு மண்ணில் செடிக்கு அலுமினியம் கிடைக்கும், பூ நீலமாகும். சுண்ணாம்பு சேர்ந்த மண்ணில் அது கிடைக்காது, ரோஸாகும். நீலம் வேண்டுமானால் லிட்டருக்கு 3–4 கிராம் படிகாரம் கரைத்து, மொட்டுக்கு முன் இரு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றுங்கள். வெள்ளைப் பூ வகை மட்டும் மாறாது. வரலாறு தேடுகிறவர்களுக்கு ஒரு சேதி: வெட்டவெளியில் ஒரே நேர்கோட்டில் ரோஸ் பூத்தால் அந்த இடத்தைத் தோண்டிப் பாருங்கள், இடிந்த சுவரின் அஸ்திவாரம் இருக்கக்கூடும்.

பங்களாத் தோட்டத்தில் பெரிய மரங்களும் உண்ணிச்செடிப் புதரும் இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாக அமைக்க எண்ணம்.
– வாசகர், கூடலூர்

மரங்களில் கை வைக்கும் முன் அனுமதி வாங்குங்கள். நீலகிரியில் 1955-ம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் சொந்த நிலத்து மரத்துக்கும் பொருந்தும். அரோகேரியா, கற்பூரம், பழைய கேமெலியா இருந்தால் விட்டுவிடுங்கள், துரைமார் எங்கே நின்று எதைப் பார்க்க நினைத்தார்கள் என்பதை அவை நிற்கும் வரிசைதான் சொல்லும். கூரை மேல் கவிந்த சில்வர் ஓக், யூகலிப்டஸ் கிளைகள் காற்றில் முறியும், அவற்றைப் பற்றி அதிகாரியிடம் முதலில் பேசுங்கள்.

உண்ணிச்செடியும் அழகு வேலியாக வந்ததுதான், 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில். இன்று காட்டையே தின்கிறது. மேலே வெட்டினால் இரண்டு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்கு 2 அங்குலம் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். காய் பிடிக்கும் முன் செய்ய வேண்டும். இரண்டு மழைக்கு முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். வெட்டிய இடத்தைச் சும்மா விட்டால் மண் அரிக்கும், அன்றே புல் பதியுங்கள்.

எங்கள் பாட்டன், பூட்டன் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்தவர்கள். பங்களா வரலாறு என்றால் துரை பெயர்கள் மட்டுமே வருகின்றன. பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலும் இருப்பது ஏன்? எங்கள் பக்கத்தை எப்படி எழுதுவது?
– வாசகர், மூணாறு

நீங்கள் கேட்டிருப்பது இந்தப் பகுதியிலேயே முக்கியமான கேள்வி. அந்தக் காலத்தில் பள்ளத்தின் கெட்ட காற்றால் காய்ச்சல் வருகிறது என்று நம்பினார்கள். கொசுதான் காரணம் என்று ரொனால்டு ராஸ் காட்டியது 1897-ல். ஆகவே காற்றோட்டமும் பார்வையும் உள்ள மேட்டு முனை துரைக்கு. ஓடையும் தொழிற்சாலையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களமும் பக்கமாக இருக்கும் தட்டைப் பள்ளம் லயத்துக்கு. மேட்டில் தளம் வெட்டி, கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்து, அந்தப் பங்களாவை நிறுத்தியதும் லயத்து ஆட்கள்தான். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் முன்பணத்தில் கட்டுண்டு, போடி வழியாகக் கால்நடையாக மலையேறியவர்கள். தேயிலைப் பெட்டியோ டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவழியில் இறங்கியது.

எழுதத் தொடங்கும்போது தோட்டத்தின் பழைய செக்ரோல், அதாவது ஆள் வருகை, சம்பளப் பதிவேடு கிடைக்கிறதா என்று கேளுங்கள். கங்காணி பெயர், ஆள் பெயர், நாள் கூலி அதில் இருக்கும். மாரியம்மன் கோயில், முனியாண்டி கோயில் கல்வெட்டு, நன்கொடைப் பலகை, சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு மூன்றையும் பாருங்கள். ஒவ்வொரு தேயிலைக் காட்டின் நம்பருக்கும் தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர்களை வயதானவர்களிடம் கேட்டுப் படத்தில் குறியுங்கள், அவை எந்த ஆவணத்திலும் இருக்காது. குசினிக்காரர், தண்ணிக்காரர், தோட்டக்காரர் நடந்த பின்வழியையும் வரையுங்கள், முன்வாசல் படம் எல்லோரிடமும் இருக்கிறது.

அதோடு ஒரு வேலையும் சேர்த்துச் செய்யுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு கனமழையில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி 70 பேரைக் கொண்டுபோனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலைச் சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாம் நம் கையில் இல்லை. ஆனால் மேட்டின் வடிகால் பள்ளத்தில் எங்கே வந்து சேர்கிறது என்பதைப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. ஜூன் முதல் வாரம், நல்ல மழையில், குடையும் நோட்டுமாக இரண்டு பேர் போங்கள். பங்களாக் கூரையில் தொடங்கி, இறக்கு குழாய், முற்றத்து வாய்க்கால், புல்தரை ஓரம், கற்சுவர் என்று தண்ணீர் போகும் வழியிலேயே இறங்குங்கள். கற்சுவரில் 5 அடிக்கு ஒன்று வீதம் ஒழுகுதுளை இருக்க வேண்டும், மழையில் ஒழுகாத துளை அடைபட்டது. சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா, போன வருஷம் இல்லாத ஊற்று தோன்றியிருக்கிறதா, தெளிந்து ஓடிய ஓடை திடீரென்று கலங்குகிறதா என்று இடம் குறித்து, தேதி போட்டு எழுதுங்கள். வாய்க்கால் லயத்தின் பின்சுவரை நோக்கித் திரும்பும் இடம் எது என்பதைச் சிவப்பு மையில் குறித்து, ஒரு பிரதி தோட்ட அலுவலகத்துக்கும் ஒரு பிரதி பஞ்சாயத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.